மூலை மனையில் ம.தே.

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணி,

இங்கே நானும் என் ரப்பர் பூட்ஸும் சுகம். பூட்ஸுக்கு மட்டும் வலது காலில் ஒரு ஓட்டை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறும்போது இன்னும் 'ஐயோ அம்மா' சொல்கிறீர்களா, இல்லை அதையும் அண்ணனையே சொல்ல வைத்துவிட்டீர்களா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போன வாரம் உங்களோடு பேசலாம் என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் ஹலோ சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டான். "என்ன சாக்கடை எஞ்சினியர், உடம்பு எப்படி? சாப்பிட்டியா? சரி சரி, வை." அவ்வளவுதான். காலமெல்லாம் பஸ்ஸில் கண்டக்டராக நின்று 'முன்னாடி நகருங்க, முன்னாடி நகருங்க' என்று கத்தியவனுக்கு யாரையும் ஓரிடத்தில் நிற்க விட்டுப் பழக்கமில்லை. ஆகவே உங்களுக்கு இனி எழுத்துதான். இதை அவன் பிடுங்கமாட்டான். இரண்டு வரிக்கு மேல் படித்தால் கொட்டாவி வந்துவிடும்.

புது வேலை பிடித்திருக்கிறது. ஒரு பெரிய சரிவை வெட்டிச் சமன்படுத்தி வீட்டுமனை போடுகிறார்கள். என் பொறுப்பு மழைத் தண்ணீர். முன்பு இங்கே புல்லும் புதருமாக இருந்ததாம். பெய்த மழையை மண் குடித்துவிட்டு மிச்சத்தைத்தான் கீழே அனுப்பும். இப்போது மண்ணைச் சுரண்டி வைத்திருக்கிறோம். நாளைக்குத் தார் ரோடும் கூரையும் வந்துவிடும். கூரை எங்கே தண்ணீர் குடிக்கப் போகிறது? எல்லாம் ஒரே ஓட்டமாகக் கீழே ஓடும்.

கீழே ஒரு தெரு இருக்கிறது. நான் வந்து சேர்ந்த அன்றே பருவம் தப்பிய மழை ஒன்று கொட்டியது. மறுநாள் காலையில் அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண்மணி ஆபீசுக்குள் வந்து, செம்மண் குழம்பில் முக்கி எடுத்த ஒரு வெள்ளை உடுப்பை மேசைமேல் வைத்தார். தையற்கடைக்காரர். "இதத் துவைச்சுக் குடுங்க. நான் நிக்கறேன்" என்றார். நான்தான் எடுத்துப்போய்த் துவைத்தேன். கறை போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு டெய்லரக்கா கிடைத்துவிட்டார்.

நகராட்சி அதிகாரியும் வந்தார். இன்னொரு தடவை அந்தத் தெருவுக்குச் சேறு இறங்கினால் எங்கள் கேட்டுக்குப் பூட்டு. முதலாளி என்னைப் பார்த்தார். "தண்ணி உன் பொறுப்பும்மா" என்றார்.

வழி இருக்கிறது அண்ணி. சரிவின் அடியில் மூலை மனை ஒன்று பள்ளமாகக் கிடக்கிறது. அதை விற்காமல் குளமாக்கிவிட்டால் மழை வந்து அங்கே உட்காரும். சேறு அடியில் படியும். தெளிந்த தண்ணீர் ஒரு சின்னக் குழாய் வழியாக ஆற அமர வெளியே போகும். வரைபடத்தில் அந்த மூலையில் வட்டம் போட்டு 'ம.தே.' என்று பெரிதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். மழைத் தேக்கம். முழுசாக எழுதினால் கை தேய்ந்துவிடுமா என்று கேட்காதீர்கள். எங்கள் குடும்பத்துக்கே அது வராது. சின்ன வயதில் அண்ணன் கதவில் 'வி.போ.' என்று எழுதி வைத்துவிட்டுப் போவான். விளையாடப் போகிறேன் என்று அர்த்தம். அம்மா விறகு வாங்கப் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள்.

முழங்காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 20

என் அருமை நாத்தனாருக்கு,

முழங்கால் 'ஐயோ அம்மா'வை விட்டு 'ஐயோ அப்பா'வுக்கு வந்திருக்கிறது. மற்றபடி சௌக்கியத்துக்குப் பஞ்சமில்லை. நீ முதலில் அந்த பூட்ஸை மாற்று. ஊர்த் தண்ணீரை எல்லாம் கட்டி மேய்க்கிறவளுக்குத் தன் காலுக்குள் வரும் தண்ணீரை நிறுத்தத் தெரியவில்லையா?

உன் கடிதத்தில் பள்ளம், குழாய் என்று நிறைய இருந்தது. எனக்குப் புரிந்தது டெய்லரக்காதான். அவரை நான் விசாரித்ததாகச் சொல்.

இங்கே ஒரு கூத்து. போன ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, சிநேகிதர் வீட்டுக்கு என்று கிளம்பினார். சாயங்காலம் திரும்பி வந்தபோது பேன்ட் முழுக்கப் புல் விதை ஒட்டியிருந்தது. "உங்க சிநேகிதர் வீட்டுல கூடத்துலயே புல்லு முளைக்குதா?" என்று கேட்டேன். பதிலுக்குச் சிரித்தார். காரணமில்லாமல் சிரிக்கிற மனிதரா அவர்?

அப்புறம் என்னை உட்கார வைத்து ஒரு விஷயம் சொன்னார். உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆகவே சொல்லவில்லை. நல்ல விஷயம்தான். இதற்குமேல் கேட்காதே, கேட்டால் சொல்லிவிடுவேன். அன்றிலிருந்து டியூட்டி முடிந்து வந்ததும் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்துவிடுகிறார். என்ன வரைகிறார் என்று எழுதினால் சத்தியம் போய்விடும்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணி,

உடம்புக்கு ஒன்றுமில்லை. புது பூட்ஸ் வாங்கிவிட்டேன். வயிறு மட்டும் எரிகிறது. அது சாப்பாட்டால் அல்ல. உங்களுக்கு வலி குறைந்ததா?

மூலை மனையை விற்றுவிட்டார்கள்!

விற்பனைக்காரரைப் பிடித்து உலுக்கினேன். "ம.தே.ன்னு பெருசா எழுதி வட்டம் வேற போட்டிருந்தீங்களேம்மா. மனை தேவைன்னு நினைச்சேன். யாரோ பெரிய மனுஷங்க அந்த மனைதான் வேணும்னு நிக்கறாங்க போல, போட்டி வர்றதுக்குள்ள தள்ளிடலாம்னு முதல் பார்ட்டிக்கே அதக் காட்டிட்டேன்" என்கிறார். மனை தேவையாம்! நான் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் உங்கள் ஊருக்கே கேட்டிருக்கும்.

வாங்கியவர் அதற்குமேல் இருக்கிறார். மற்ற மனை எதையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லையாம். "எல்லாம் காய்ஞ்சு கிடக்கு, இது மட்டும் பச்சைப்பசேல்னு இருக்கு பாருங்க, மண்ணுன்னா இதுதான் மண்ணு" என்று புல்லைத் தடவித் தடவிப் பார்த்தாராம். உருளாததுதான் பாக்கி. கோடையில் ஒரு மூலையில் மட்டும் புல் ஏன் பச்சையாக இருக்கும்? அங்கே ஈரம் இருப்பதால். ஈரம் ஏன்? ஊர்த் தண்ணீரெல்லாம் அங்கே வந்து சேர்வதால். பள்ளத்தைப் பார்த்துப் பல்லிளித்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் புண்ணியவானுக்கு 'புல்லுக்கட்டு' என்று பெயர் வைத்திருக்கிறேன். ஆபீஸ் முழுக்க இப்போது அதே பெயர்தான்.

முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். "அட்வான்ஸ் வாங்கின மனைய நான் திருப்பிப் பிடுங்கமாட்டேன். அவரா எழுதிக் குடுத்தா வேற மனை தர்றேன். மழைக்குள்ள முடி. முடியலேன்னா ஒரு பெரிய குழாயப் போட்டு எல்லாத்தையும் நேரா வெளிய விட்டுடலாம்." வெளியே என்றால் டெய்லரக்கா வாசல்.

சரி, ஆள் யார் என்று கேட்டால் அதுவும் சொல்லமாட்டார்களாம். தளத்தில் வேலை செய்கிற யாருக்கும் தன் பெயர் தெரியக்கூடாது என்று புல்லுக்கட்டு கேட்டுக்கொண்டாராம். அண்ணனுக்குத்தான் பஸ்ஸில் ஊரையே தெரியுமே. புல்லைப் பார்த்து மனை வாங்குகிற ஆள் யாராவது ஏறி இறங்குகிறாரா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

அவனுடைய ரகசியத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன். தொப்பையைக் குறைக்க யாருக்கும் தெரியாமல் நடக்கப் போகிறான், அப்படித்தானே? நடக்கட்டும், நல்லது.

கோபத்தோடும் அன்போடும்,
நாத்தனார்


ஏப்ரல் 27

என் அருமை நாத்தனாருக்கு,

நீ நலமா? வயிற்றெரிச்சல் அடங்கியதா? பதில் போட இவ்வளவு நாளாகிவிட்டது. பேனா கிடைத்தால் தாள் இல்லை, தாள் கிடைத்தால் பேனா இல்லை. சரி, எனக்குப் பொய் எழுத வரவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அந்த மனிதரை நீ புல்லுக்கட்டு என்று எழுதுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. யார் வீட்டுப் பிள்ளையோ. அவருக்கும் ஒரு பெண்டாட்டி இருப்பாள். அவள் உன் கடிதத்தைப் படித்தால் என்ன நினைப்பாள்? படிக்கமாட்டாள், ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.

பொழுது போகாமல் இரண்டு கேள்வி கேட்கிறேன். அந்த மூலையில் தூண் எழுப்பி, தூண்மேல் வீடு கட்டிக்கொள்ளலாமா? கீழே தண்ணீர் பாட்டுக்கு நிற்கட்டும், மேலே மனிதர் பாட்டுக்கு இருக்கட்டும். அது முடியாதென்றால் உன் குளத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கக்கூடாதா? இவ்வளவு பெரிய சரிவில் வேறு இடமா இல்லை?

உன் அண்ணனிடம் விசாரிக்கச் சொன்னாயே, சொன்னேன். "புல்லப் பார்த்து மண்ணு வாங்கினவன் விவரமானவனாத்தான் இருப்பான்" என்றார். ராத்திரி சாப்பிடும்போது பாடுகிறார். நேற்றுப் பக்கத்து வீட்டம்மா வந்து, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் அவரை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன். வேறொன்றுமில்லை.

வெயிலில் தலையில் துணி போட்டுக்கொள்.

அண்ணி


மே 5

அன்புள்ள அண்ணி,

தலையில் துணி, காலில் பூட்ஸ், நடுவில் நான். மூவரும் நலம். அண்ணன் பாடுகிறானா? முழங்கால் வலியோடு இது வேறா உங்களுக்கு?

உங்கள் கேள்விகளுக்குப் பதில். தூண் வைத்தால் தூணைச் சுற்றி மண் அரிக்கும், வீட்டுக்காரர் படகு வாங்க வேண்டியிருக்கும். குளத்தைத் தள்ளி வைக்கலாம், தண்ணீர்தான் தள்ளிப் போகாது. அதற்குப் பள்ளம் தெரியும், மேடு தெரியாது. இருந்தாலும் புல்லுக்கட்டுக்காக இவ்வளவு யோசிக்கிற ஆள் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

நான் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. சரிவின் குறுக்கே வைக்கோலை உருட்டிக் கட்டிப் போட்டிருக்கிறோம். கால்வாயில் இடையிடையே கல் அடுக்கியிருக்கிறோம், ஓடி வரும் தண்ணீர் அங்கங்கே நின்று மூச்சு வாங்கிப் போகும். வெளியே போகும் லாரிகள் எல்லாம் கேட்டில் சக்கரம் கழுவிக்கொண்டுதான் போக வேண்டும். டிரைவர்கள் என்னை 'குளிப்பாட்டி' என்று கூப்பிடுகிறார்கள். மண் தடுக்கும் துணி வேலி ஒன்று உண்டு. கடையில் வாங்கியது காற்றுக்கே கிழிந்துவிட்டது. டெய்லரக்கா பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஒரு தையலா?" என்று ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். இப்போது வேலி விறைப்பாக நிற்கிறது. வருகிற தண்ணீரை வரவேற்க எல்லாம் தயார், அண்ணி. உட்கார வைக்கத்தான் இடம் இல்லை.

கடைசியாகப் புல்லுக்கட்டுக்கே ஒரு கடிதம் எழுதி ஆபீஸ் மூலம் அனுப்பிவிட்டேன். முதலில் எழுதியதைக் கிழித்துப் போட்டேன், அதில் 'மூளை' என்ற சொல் அடிக்கடி வந்தது. பெரியவரோ சின்னவரோ தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று 'மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு' என்று ஆரம்பித்தேன். குளம் ஏன் வேண்டும், கீழே யார் யார் இருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லியிருக்கிறேன். மனசுள்ள மனிதராக இருந்தால் பதில் வரும்.

உங்கள் நாத்தனார்


மே 18

என் அருமை நாத்தனாருக்கு,

நீ நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார். தண்ணீர் குடி. நான் நலம்.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. எனக்கு எழுதியது அல்ல. மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு எழுதியது.

சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆமாம், உன் புல்லுக்கட்டு என் வீட்டுக் கட்டிலில்தான் படுத்துக் குறட்டை விடுகிறது.

கையெழுத்தைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. "என் தங்கச்சி என்ன ஐயான்னு எழுதியிருக்கா பாருடி! மதிப்புக்குரியவாம்! அவர்களுக்குன்னு வேற!" என்று முதல் வரியை என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். அப்புறம் மிச்சத்தையும் படித்தேன். கொட்டாவியே விடாமல் கேட்டார். சிரிப்பு போய்விட்டது. "அவ எப்பவும் பயந்து பயந்து கணக்குப் போடுவா. மழை வரட்டும், பார்க்கலாம்" என்று எழுந்து போனார். அன்றிலிருந்து காலண்டர் தாளைத் தொடவில்லை. பாட்டும் இல்லை.

அவர் வரைந்தது வீட்டுப் படம். கூடம், சமையலறை, எங்கள் அறை. எந்தப் பக்கம் மாற்றி வரைந்தாலும் ஜன்னலோரம் இன்னொரு அறை இருக்கும். அதில் 'சா.எ.' என்று எழுதியிருக்கும். சாமான் எடுத்து வைக்கும் அறையா என்று கேட்டேன். முறைத்தார். "சாக்கடை எஞ்சினியர்டி. ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் குடுக்கறா, அவளுக்குன்னு ஒரு ரூம் இருக்கா? ரெண்டு பெட்டியத் தூக்கிக்கிட்டு எத்தன ஊரு, எத்தன வாடகை ரூமு. அவ வேலை செய்யற இடத்துலயே வீட்டக் கட்டி, ஒரு நாள் கதவத் திறந்து காட்டணும். மூஞ்சி போற போக்கப் பார்க்கணும்" என்றார். அதற்குத்தான் சத்தியம், அதற்குத்தான் பெயர் சொல்லாமல் வாங்கியது.

இப்போது நான் யார் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. டெய்லரக்காவை நினைத்தால் நீ சொல்வது சரி. அந்த அறையை நினைத்தால் அழுகை வருகிறது. என்ன செய்வதென்று நீயே சொல். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணி


ஜூன் 21

அன்புள்ள அண்ணி,

உங்கள் முழங்கால் சுகமாக இருக்கட்டும். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு மூக்கு ஒழுகுகிறது. சளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புல்லுக்கட்டு என்ற பெயரை வாபஸ் வாங்கிவிட்டேன். ஆபீஸில் காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அந்த மூலையைத் தொடாமல் வேறு வழி தேடுகிறேன். ஒவ்வொரு மனையிலும் சின்னச் சின்னப் பள்ளம் வைத்துப் பார்த்தேன். ரோட்டோரம் புல்வாய்க்கால் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் தேறுகிறது, போதவில்லை. முதலாளி பெரிய குழாயை வரவழைத்துவிட்டார். கேட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. அடுத்த வாரம் பதிக்கச் சொல்கிறார்.

அவனிடம் போய் 'மனையைக் கொடு' என்று என்னால் கேட்க முடியாது அண்ணி. டெய்லரக்கா வாசலில் அந்தக் குழாயைத் திறந்துவிடவும் முடியாது. இரண்டும் இல்லாமல் எப்படி என்று கேட்காதீர்கள். தெரிந்திருந்தால் தூங்கியிருப்பேன்.

மேகம் கூடிக்கொண்டிருக்கிறது.

நாத்தனார்


ஜூலை 8

அன்புள்ள அண்ணி,

எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அண்ணனுக்கு நிச்சயம் ஜலதோஷம் பிடித்திருக்கும். அவனுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். அவன் ஏற்கனவே கதையைச் சொல்லியிருப்பான். அவன் சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டு இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழாய் பதிக்க ஆள் வருவதற்கு முன்பே மழை வந்துவிட்டது. விடியும்போதே பிடித்துக்கொண்டது. நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினேன். வைக்கோல் உருளை நின்றது. கல்லடுக்கு நின்றது. டெய்லரக்கா தைத்த வேலி வயிறு முட்டச் சாப்பிட்டவரைப் போல உப்பிக்கொண்டு நின்றது. அடியிலே மூலை மனைக்கு வந்தால், நடுவில் ஒரு மனிதர் நிற்கிறார். கண்டக்டர் சட்டை, முழங்காலுக்குமேல் சுருட்டிய பேன்ட், காற்றில் திரும்பிக்கொண்ட குடை. முழங்கால் வரைக்கும் தண்ணீர்.

"நீ இங்க என்ன பண்றே?" என்றேன்.

"மழையப் பார்க்க வந்தேன்" என்றான். "எங்கேருந்துடி இவ்வளவு தண்ணி வருது?"

"மேலேருந்து."

"எல்லாமா?"

"இன்னும் ரோடு போடல, கூரை ஏறல. அதுவும் வந்தா இதுக்கு மேல வரும்."

திரும்பிக்கொண்ட குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கினான். பிறகு கையை நீட்டி, "இது ஹால்" என்றான். இரண்டடி தள்ளிப் போய், "இது சமையல்கட்டு." மூலையைக் காட்டி, "அங்க ஒரு ரூம்." அவனுடைய செருப்பு ஒன்று அந்த அறைக்குள் சுற்றிச் சுற்றி மிதந்துகொண்டிருந்தது. யாருடைய அறை என்று நான் கேட்கவில்லை.

அங்கிருந்து பார்த்தால் கீழே தெரு தெரியும். தெரு மழையில் நனைந்திருந்தது, அவ்வளவுதான். சேறு இல்லை. டெய்லரக்கா கடையைத் திறந்து மெஷினில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோலோடு கையை ஆட்டினார்.

"யாரு அந்தம்மா?"

"டெய்லரக்கா. இந்தத் தண்ணி இங்க நிக்கலேன்னா இந்நேரம் அவங்க மெஷினுக்குள்ள இருக்கும்."

தெருவைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், மறுபடியும் தெருவைப் பார்த்தான். "அதாவது," என்றான், "எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே படியில இறங்கணும்னு அடிச்சுக்கறாங்க. நடுவுல நிறுத்தி, உக்கார வெச்சு, ஒவ்வொருத்தரா இறக்கணும். இந்த இடம் அதுக்கு."

"ஆமாண்ணா."

"இத நீ எழுதின லெட்டர்ல ஏன் இப்பிடிச் சொல்லல? மில்லிமீட்டர், கன அடின்னு எழுதி வெச்சிருக்கே."

அப்புறம் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தான். மழையில் நின்றுகொண்டு நீளமாக ஒன்று ஊதினான். "நான் இறங்கிக்கறேன். இது என் ஸ்டாப் இல்ல" என்றான்.

நான் அழுதுவிட்டேன் அண்ணி. அவனும் அழுதான், ஜலதோஷம் என்றான். அந்த நேரம் பார்த்து விற்பனைக்காரர் ஓடி வந்து, "அம்மா, இவர்தாம்மா அந்தப் புல்லு..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். "என் அண்ணன்" என்றேன். அவருடைய முகம் போன போக்கை அண்ணன் இன்னும் பத்து வருஷம் நடித்துக் காட்டுவான்.

ஆபீஸில் முதலாளி முன்னால் அண்ணன் எழுதிக் கொடுத்தது இதுதான்: 'இந்த மூலையில் மனை தேவை இல்லை. மழைத் தேக்கம் தேவை.' முழுசாக எழுதினான், அண்ணி. சுருக்கவே இல்லை. பெரிய குழாயை வந்த லாரியிலேயே திருப்பி அனுப்பியாயிற்று. சக்கரம் கழுவித்தான் அனுப்பினோம்.

"உனக்கு யாரு சொன்னா?" என்று கிளம்பும்போது கேட்டான். யாரும் சொல்லவில்லை என்றேன். உண்மைதானே, நீங்கள் எழுதத்தானே செய்தீர்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 16

என் அருமை நாத்தனாருக்கு,

தொண்டை சரியாகிவிட்டதா? இங்கே ஒரு தும்மலுக்கு ஒரு தரம் உன் பெருமை. ஒற்றைச் செருப்போடு வந்து இறங்கினார். இன்னொன்று எங்கே என்றால், "உன் நாத்தனார் ரூம்ல இருக்கு" என்கிறார்.

இப்போது பஸ்ஸில் ஏறுகிற எல்லோருக்கும் டிக்கெட்டோடு மழைத் தேக்கத்தைப் பற்றி ஒரு பிரசங்கமும் இலவசம். "என் தங்கச்சி தண்ணிக்கே கண்டக்டரு" என்று ஒரு அம்மாளிடம் சொன்னாராம். அந்த அம்மாளால் இரண்டு ஸ்டாப் தள்ளித்தான் இறங்க முடிந்ததாம்.

நான் எழுதினேன் என்ற சந்தேகமே அவருக்கு இல்லை. "அவளுக்கு மூக்குல வேர்த்திருக்கும்" என்று அவரே முடிவு செய்துகொண்டார். அப்படியே இருக்கட்டும்.

முதலாளி மாற்றிக் கொடுத்த மனை குளத்துக்கு எதிரே, மேட்டில். அடியிலே ஒரு மனை போனாலும் தெரு பிழைத்ததே என்று அவரும் சந்தோஷமாக இருக்கிறாராம். இனி வருகிற சரிவுகளுக்கும் நீதான் என்று சொன்னாராமே, உண்மையா? நீ வாயைத் திறக்கவில்லை, உன் அண்ணன்தான் சொன்னார். அப்படியானால் அந்த ஊரை விட்டு நீ இப்போதைக்கு நகரவேண்டியதில்லை அல்லவா?

காலண்டர் தாள் தீர்ந்துவிட்டது. அடுத்த வருஷக் காலண்டரை யாரிடமோ இப்போதே கேட்டு வாங்கியிருக்கிறார். நேற்று ராத்திரி பாடினார். பக்கத்து வீட்டம்மா வரவில்லை, பழகிவிட்டது போலிருக்கிறது.

அண்ணி


செப்டம்பர் 3

தங்கச்சிக்கு,

அ.வ. அதாவது அன்பான வணக்கம். உ.ந.? இங்கே எல்லோரும் ந.

எனக்கு லெட்டர் எழுதிப் பழக்கமில்லை. உன் அண்ணிதான் பேனாவைக் கையில் திணித்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். போனில் சொல்லிவிடுகிறேன் என்றால், போனில் உங்களுக்குப் பேச வராது, விரட்டத்தான் வரும் என்கிறாள்.

குளத்துக்கு நான் எழுதிக் கொடுத்த பலகைகளை மாட்டினாயா? தண்ணீர் வருகிற வாயில் 'ஏறும் வழி', குழாய்ப் பக்கம் 'இறங்கும் வழி'. மாற்றி மாட்டிவிடாதே. பிறகு தண்ணீர் குழம்பிப்போகும்.

வீட்டுப் படத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். ஜன்னலோரம் இருக்கிற அறையைப் பார். ஜன்னலைத் திறந்தால் உன் குளம். அந்த அறையில் 'சா.எ.' என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு யோசித்தேன். உன் விற்பனைக்காரர் கண்ணில் பட்டால் 'சாவி எங்கே' என்று படித்து, பூட்டி விற்றாலும் விற்றுவிடுவார். இரண்டு எழுத்தால் ஒரு தெருவே மூழ்கப் பார்த்ததே, பட்ட பிறகாவது புத்தி வர வேண்டாமா? அதனால் அடித்துவிட்டு, இந்த ஒரு இடத்தில் மட்டும் முழுசாக எழுதிவிட்டேன். எல்லோரும் படிக்கிற மாதிரி, பெரிய எழுத்தில்: என் தங்கச்சி ரூம்.

உனக்குச் சம்மதமா என்று கேட்கச் சொல்கிறாள் உன் அண்ணி. நான் கேட்கமாட்டேன். ஏறியாச்சு என்றால் விசில் கொடுப்பேன்.

உன் அண்ணன்
(மதிப்புக்குரிய ஐயா அவர்கள்)


செப்டம்பர் 8

அண்ணா,

நான் சுகம். அண்ணியின் முழங்காலுக்குப் புது வீட்டில் மாடிப்படி வேண்டாம், நீ வரைந்திருக்கிற படியை அழி.

பலகை இரண்டும் சரியாகத்தான் மாட்டியிருக்கிறது. நேற்று நல்ல மழை. தண்ணீர் ஏறும் வழியில் ஏறி, உட்கார்ந்து, இறங்கும் வழியில் ஒவ்வொன்றாக இறங்கிப் போனது. டெய்லரக்கா பலகையைப் படித்துவிட்டு, "டிக்கெட்டு யாரு குடுப்பா?" என்று கேட்டார். குளத்தைச் சுற்றிப் புல் முளைத்துவிட்டது. நீ விரும்பிய அதே பச்சை.

உன் படத்தை இன்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு குறை இருக்கிறது. பரண் எங்கே? என் அறைக்குமேல் ஒன்று போட்டுக் கொடு.

காலிப் பெட்டி இரண்டு ஏற்றி வைக்க வேண்டும்.

உன் தங்கச்சி